சேமலைப்புதூருக்கு வந்த நீர்க்கடுப்பு

சேமலைப்புதூர் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே சூப்பர் மார்க்கெட் திறந்து, ஒரு கிலோ கோழிக்கறி ஒரு கிலோ சின்ன வெங்காயத்தைவிட மலிவாகக் கிடைக்கத் தொடங்கிய மூன்றாவது ஞாயிற்றுக்கிழமை, மத்தியானம் வயிறாரச் சாப்பிட்டுப் படுத்த ஊர் மொத்தமும் மூன்று மணிக்கு எழுந்து மூத்திரம் பெய்யப் போய், ஒரு சொட்டுகூட வராமல் திரும்பி வந்தது. ஆம்பளை, பொம்பளை, பள்ளிக்கூடப் பிள்ளை, பல் போன கிழம் என்று கறி தின்ற யாரையும் அது விடவில்லை. அடிவயிறு முட்டிக்கொண்டு நிற்க, காலோடு காலைப் பின்னிக்கொண்டு, பேசினால் எங்கே என்னவாகுமோ என்று பேசாமல், வீட்டுக்கு வீடு ஆட்கள் சுவரைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார்கள். மேற்கே ஐந்து கிலோமீட்டர் தள்ளியிருக்கும் கோழிப் பேக்டரியில் ஆறு மணிச் சங்கு ஊதியபோது எல்லோருக்கும் ஒரே சமயத்தில் வந்தது, எரிந்துகொண்டு வந்தது, கொஞ்சமே கொஞ்சம்தான் வந்தது.

யாரும் பெரிதாக ஆச்சரியப்படவில்லை. எங்கள் ஊர்க்காரர்களுக்கு எதற்கும் ஒரு காரணம் கையிலேயே இருக்கும். சூடு என்றார்கள். பிராய்லர் கறி என்றாலே சூடுதானே, வெயில் வேறு, நீர்க்கடுப்பு வராமல் என்ன செய்யும் என்றார்கள். கால் கட்டைவிரல் நகத்தில் சுண்ணாம்பு தடவினார்கள், தொப்புளில் விளக்கெண்ணெய் வைத்தார்கள், வெந்தயத்தை மோரில் போட்டு விழுங்கினார்கள், அடுத்த ஞாயிறு மறுபடியும் கடைவாசலில் வரிசையில் நின்றார்கள். மறுபடியும் மூன்று மணிக்கு முட்டியது, மறுபடியும் ஆறு மணிக்குச் சங்கு ஊதியது.

இரண்டு மாதத்தில் ஊர் அதற்கேற்றபடி தன்னை மடித்து வைத்துக்கொண்டது. ஞாயிற்றுக்கிழமை மதியக் காட்சியை டாக்கீஸ்காரர் எடுத்துவிட்டார். மூன்றே முக்கால் டவுன் பஸ்ஸுக்கு சைவ டிரைவர் ஒருவரை டிப்போவில் தேடிப் பிடித்துப் போட்டார்கள். இளநீர்க்காரர் தள்ளுவண்டியைக் கோயில் வாசலிலிருந்து சூப்பர் மார்க்கெட் வாசலுக்கு மாற்றினார். சூப்பர் மார்க்கெட்காரன் இன்னும் விவரமானவன், கறி இருக்கும் கண்ணாடிப் பெட்டிக்குப் பக்கத்திலேயே பார்லியும் சுண்ணாம்பு டப்பாவும் அடுக்கி, சேர்த்து வாங்கினால் தள்ளுபடி என்று பலகை வைத்தான். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் எங்கள் ஊர்த் தெருவில் நடந்தால் வெள்ளைக் கட்டைவிரல்களாகத் தெரியும். ஒரு வாரம் அந்தக் கறியை விட்டுப் பார்க்கலாம் என்று யாருக்குமே தோன்றவில்லை என்று சொல்லமாட்டேன். தோன்றியது. கடைக்குள் போய் விலைப் பலகையைப் பார்த்ததும் மறந்துபோனது.

நான் மட்டும் என்ன ஒழுங்கு. என் பெயர் ஈஸ்வரமூர்த்தி, கடைவீதியில் மருந்துக்கடை வைத்திருக்கிறேன். நீர்க்கடுப்புக்கு ஊற்றிக் குடிக்கிற சிரப்பைப் பெட்டி பெட்டியாக இறக்கி விற்றேன். ஞாயிறு ஒரு மணிக்கு என் வீட்டுக்காரி கோகிலம் வைக்கிற கோழிக்குழம்பை ஒரு கட்டுக் கட்டிவிட்டு, மூன்று மணியிலிருந்து ஆறு மணி வரை அவளும் நானும் ஆளுக்கொரு சுவரைப் பார்த்து உட்கார்ந்திருப்போம்.

சூப்பர் மார்க்கெட்டுக்குக் கறி அனுப்புகிற அந்தக் கோழிப் பேக்டரியில் வேலை செய்கிற வசந்தாமணி என் கடைக்கு மூன்று வருடமாக வருகிறவள். முப்பத்தாறு வயசு, காலனிப் பக்கம் வீடு, புருஷன் இல்லை, பிளஸ் டூ படிக்கிற ஒரு பெண். வரும்போதெல்லாம் ஒரே சீட்டுதான், ஒரே மாத்திரைதான், மூத்திரக் குழாயில் புண். மூன்று வருடமாக அதே மாத்திரையை எண்ணிக் கிழித்துக் கொடுத்தேனே தவிர, ஏனம்மிணி உனக்கு மட்டும் இது ஆறவே மாட்டேங்குது என்று ஒரு வார்த்தை கேட்டதில்லை. சித்திரையில் ஒரு திங்கட்கிழமை புதுச் சீட்டோடு வந்தாள்.

“பெரியாஸ்பத்திரில போட்டோ எடுத்துப் பாத்தாங்கண்ணா. ஒரு கிட்னி சுருங்கிப்போச்சாம். இன்னொண்ணாச்சும் நிக்கோணும்னா ஒரு நாளைக்கு மூணு லிட்டர் தண்ணி குடிக்கோணும், மூணு மணி நேரத்துக்கு ஒருக்கா ஒண்ணுக்குப் போகோணும்ங்கறாங்க.”

“அப்பறமென்ன, குடிச்சுட்டுப் போக வேண்டியதுதானே?”

அவள் என்னைப் பார்த்த பார்வையை நான் இன்னும் மறக்கவில்லை.

“காலைல எட்டு மணிக்கு லைன் ஓட ஆரம்பிச்சா சாயங்காலம் ஆறுக்குத்தானுங்கண்ணா நிக்கும். கோழி தலகீழாத் தொங்கிட்டு வரும், நிமிசத்துக்கு முப்பது. நாம ஒரு எட்டு நகந்தா அது நமக்கோசரம் நிக்குமா? பன்னண்டரைக்கு அரமணி நேரம் சோத்துக்கு உடுவாங்க. நூத்தியிருபது பொம்பளைக்கு ரெண்டு கக்கூசு. கையொற, பூட்ஸு, மேலங்கி எல்லாங் கழட்டி, போயிட்டு வந்து, கழுவி, மறுபடி மாட்டறதுக்குள்ள மணியடிச்சுருவாங்க. அதனால யாரும் தண்ணியே குடிக்கறதில்லைங். நேத்து ஆண்டவன் புண்ணியத்துல மூணரைக்கு பெல்ட்டு அறுந்துபோச்சு. சரியாக்கற வரைக்கும் எல்லாரும் ஓடிப்போய் நிம்மதியா இருந்துட்டு வந்தோம்.”

நேற்று மூன்றரைக்குத்தான் ஊர் மொத்தத்துக்கும் வந்தது. ஆறு மணிக்கு வர வேண்டியது மூன்றரைக்கே வந்துவிட்டதென்று, சுண்ணாம்பு வேலை செய்கிறதென்று, வீட்டுக்கு வீடு கும்மாளம் போட்ட ஞாயிறு அது. என் கையில் மாத்திரை அட்டை அப்படியே நின்றது. மூன்று மாதமாக இந்த ஊர் அடக்கிக்கொண்டிருந்தது தன்னுடைய மூத்திரத்தை அல்ல.

விஷயத்தை வியாபாரிகள் சங்கத் தலைவர் நல்லசிவத்திடம் கொண்டுபோனேன். அவரும் சிரிக்கவில்லை, சந்தேகப்படவில்லை. ஞாயிறுதோறும் அவருக்கும் முட்டியது, ஆறு மணிச் சங்கு அவர் காதிலும் விழுந்திருந்தது. புதன்கிழமை சங்க மண்டபத்தில் கூட்டம். பேக்டரி மேனேஜர் குணாளனைக் கூப்பிட்டிருந்தார்கள். என் பேச்சைக் கேட்டு வசந்தாமணியும் அரைநாள் லீவு போட்டு வந்திருந்தாள். முந்நூறு நாற்காலி கிடந்த மண்டபத்தில் அவளை யாரும் உட்காரச் சொல்லவில்லை, கதவோரம் நின்றாள். காரணம் தெரிந்துவிட்டது, இனி ஊரே திரண்டு அந்த லைனை நிறுத்தச் சொல்லும், வேறென்ன செய்யும் என்று நான் நம்பினேன். ஐம்பத்திரண்டு வயதில் இவ்வளவு முட்டாளாக இருக்க என்னால் முடிந்தது.

குணாளன் தன்மையான ஆள். மரியாதை குறையாமல் பேசினான்.

“லைன நிறுத்தறதுங்கறது பஸ்ஸ நிறுத்தறாப்பல இல்லீங்க. பத்து நிமிசம் நின்னா முந்நூறு கோழி. ஒரு நாளைக்கு ரெண்டு தடவ நிறுத்தோணும்னா கிலோவுக்கு எட்டு ரூவா ஏத்தாமக் கட்டுபடியாகாதுங்க. உங்களுக்குச் சம்மதம்னா சொல்லுங்க, நாளைக்கே நிறுத்திப்போடலாம்.”

எட்டு ரூபாய் என்றதும் மண்டபம் மூச்சை அடக்கியது. அடக்கிப் பழகிய ஊர்தானே. டீக்குப் பதினைந்து ரூபாயை யோசிக்காமல் நீட்டுகிற ஊர், பேரன் பிறந்தநாளுக்கு ஆளுயர கேக் வெட்டுகிற ஊர், அந்த எட்டு ரூபாயை ஏதோ பெற்ற பிள்ளையைக் கேட்டதுபோலத் திகைத்துப் பார்த்தது. பெண்கள் வரிசையிலிருந்து ஒரு குரல் எழுந்தது, வேறு யாருமில்லை, என் வீட்டுக்காரிதான்.

“ஏனுங்க சார், அவங்கள காலைல தண்ணி கொஞ்சம் கம்மியா குடிச்சுட்டு வரச் சொல்லலாமில்லீங்களா?”

வசந்தாமணி கதவோரமிருந்தே சொன்னாள்.

“காலைல பல்லு வெளக்கிக் கொப்பளிக்கறதோட சரிங்கக்கா. அதுக்கப்பறம் சாயங்காலந்தான். அதுக்கும் கம்மியா எப்படிக் குடிக்கறதுன்னு சொல்லுங்க, குடிக்கறோம்.”

நான் எழுந்து கத்தியிருக்க வேண்டும். கத்தலாம் என்றுதான் வாயைத் திறந்தேன். அதற்குள் குணாளன் என் பக்கம் திரும்பிவிட்டான்.

“அண்ணா, படுக்கைல கெடக்கற பெரியவங்களுக்குப் போட்டுவிடற டயாப்பர் உங்க கடைல மொத்தமாக் கிடைக்குங்களா? ஆளுக்கு ஒண்ணு குடுத்துட்டா அவங்களும் அடக்க வேண்டியதில்ல, லைனும் நிக்க வேண்டியதில்ல.”

“கிடைக்கும்” என்றேன்.

கைதட்டினார்கள். எல்லோருக்கும் நல்லதாக ஒரு வழி பிறந்துவிட்டதென்று நல்லசிவம் எனக்கு மைக்கில் நன்றி சொன்னார். கலைந்து போகும்போது வசந்தாமணி என் பக்கத்தில் ஒரு நொடி நின்றாள்.

“மாத்திரையும் நீங்களே குடுத்தீங்க. இதையும் நீங்களே குடுக்கறீங்களாண்ணா?”

கொடுத்தேன். நூற்றிருபது பேருக்கு, வாரத்துக்கு இத்தனை பெட்டி என்று என் வேனிலேயே கொண்டுபோய் இறக்கினேன்.

முதல் ஞாயிறு ஒன்றும் மாறவில்லை, மூன்று மணிக்கு வழக்கம்போல முட்டியது. அந்தப் பெண்கள் கட்டிக்கொண்டார்களே தவிர உள்ளே விடவில்லை. நாலு பேர் பார்க்க, நின்ற வாக்கில், கையில் கத்தியும் கண்ணெதிரே கோழியுமாக, கைக்குழந்தைபோலப் போய்க்கொள்ள ஒரு பொம்பளைக்கு எப்படி மனம் வரும்? இரண்டாவது ஞாயிறும் அப்படியேதான். ஊருக்குக் கோபம் வந்துவிட்டது. இவ்வளவு செய்து கொடுத்தும் இதுகளுக்கு என்ன ரோஷம் என்று டீக்கடையில் பேசினார்கள். நல்லசிவம் குணாளனைப் போனில் பிடித்து ஏறினார். அவருடைய பேரனுக்கு வருகிற ஞாயிறு காதுகுத்து, எண்ணூறு பேருக்குக் கோழி பிரியாணி, விருந்தாளியெல்லாம் மூன்று மணிக்குக் காலைப் பின்னிக்கொண்டு உட்கார்ந்திருந்தால் அவர் மானம் என்னாவது? மறுநாள் பேக்டரிச் சுவரில் அறிவிப்பு ஒட்டினார்கள். வழங்கப்பட்ட டயாப்பரைப் பணியாளர்கள் பணி நேரத்தில் கட்டாயம் பயன்படுத்த வேண்டும், அடக்கி வைத்துக்கொள்வது கண்டறியப்பட்டால் நடவடிக்கை எடுக்கப்படும்.

அடக்கினால் ஊருக்கு அடக்குகிறது, விட்டால் ஊருக்கு வருகிறது. இது தெரிந்துதான் கூட்டமே போட்டோம். தெரிந்துகொண்டே, விடச் சொல்லிச் சுவரில் எழுதி ஒட்டினோம். டயாப்பர் அவர்களுக்குக் கொடுத்தோமே, நமக்கு யார் கொடுத்தது என்று சங்கத் தலைவரிலிருந்து மருந்துக்கடைக்காரன் வரை ஒரு ஆளுக்கும் புத்தியில் படவில்லை. அடுத்தவர் உடம்பைப் பற்றி முடிவெடுக்கும்போது சேமலைப்புதூரின் மூளை அந்த லட்சணத்தில்தான் வேலை செய்யும்.

ஒருத்திக்குப் பட்டது. சனிக்கிழமை சாயங்காலம் வசந்தாமணி கடைக்கு வந்தாள், மாத்திரை வாங்கவில்லை.

“நாளைக்கு விருந்து எத்தன மணிக்குங்கண்ணா?”

“ஒரு மணிக்கு முதப் பந்தி. மூணு மணிக்கு மேடைல குடும்பத்தோட போட்டோ. ஏனம்மிணி, உன்னையும் கூப்பிட்டாங்களா?”

“கூப்புடலைங்க. சும்மாத்தான் கேட்டேன்.”

பிறகு நடந்ததை அவளே சொன்னாள். ஞாயிறு காலை இரண்டு லிட்டர் பாட்டில் ஒன்றோடு லைனுக்குள் போயிருக்கிறாள். அவளுக்குப் பின்னால் வந்தவளிடம் ஒரு பாட்டில், அவளுக்குப் பின்னால் வந்தவளிடம் ஒன்று, ஒடிசாவிலிருந்து வந்து ஒரு வார்த்தை தமிழ் தெரியாத பெண்கள் வரைக்கும் நூற்றிருபது பேர் கையிலும் பாட்டில். உள்ளே தண்ணீர் கொண்டுவரக் கூடாதென்று தெரியாதா என்று சூப்பர்வைசர் கத்தியதற்கு வசந்தாமணி சிரிக்காமல் சொல்லியிருக்கிறாள்.

“கட்டிக்கச் சொன்னீங்க, கட்டியிருக்கறோம் சார். உபயோகிக்கச் சொல்லி எழுதி ஒட்டியிருக்கறீங்க. தண்ணி குடிக்காம எதை உபயோகிக்கறதுங்க?”

லைன் ஓடியது. ஒரு கோழியை அறுத்துவிட்டு ஒரு மடக்கு, இன்னொரு கோழி, இன்னொரு மடக்கு என்று, மூன்று வருடமாக வேலை நேரத்தில் ஒரு சொட்டு நனையாத தொண்டையில் அவள் இரண்டு லிட்டரையும் இறக்கினாள். மூன்று மணிக்கு வலப்பக்கத்துக்காரியைப் பார்த்தாளாம், இடப்பக்கத்துக்காரியைப் பார்த்தாளாம். கண்ணில் தண்ணீர் முட்டியதாம், கத்தியைக் கீழே வைக்கவில்லையாம். வெட்கமா இருந்துச்சுங்கண்ணா, ஆனா இந்தத் தடவ வெட்கம் எங்களோட நிக்காதுன்னு தெரிஞ்சுதுங்க என்றாள்.

நிற்கவில்லை. மூன்று மணிக்கு நல்லசிவம் பட்டு வேட்டியோடு கல்யாண மண்டப மேடையில் நின்றார், பக்கத்தில் அவர் மனைவி, மகன், மருமகள், சம்பந்தி வீட்டார், எல்லோரையும் நெருங்கி நிற்கச் சொல்லிப் போட்டோக்காரன் கையைக் காட்டிக்கொண்டிருந்தான், அதெல்லாம் அப்படியே பெரிய திரையில் தெரிந்துகொண்டிருந்தது. கீழே எண்ணூறு நாற்காலியிலும் ஆட்கள், வயிறு நிறைய பிரியாணி, இன்றைக்கு ஒன்றும் முட்டவில்லையே என்ற சந்தோஷம். அப்போது வந்தது. எழுந்திருக்க நேரமில்லாமல், அடக்க வழியில்லாமல், அவசரமில்லாமல் வந்தது. இரண்டு இரண்டு லிட்டராக நூற்றிருபது பேர் குடித்த தண்ணீர், பட்டுச் சேலையிலும் வெள்ளை வேட்டியிலும் புதுப் பேண்டிலும் இறங்கி, நாற்காலி விளிம்பில் வழிந்து, மேடைப் படியில் சொட்டி, கோலத்தைக் கரைத்து, வாசலில் கட்டியிருந்த வாழைமரம் வரை ஓடியது. நாகஸ்வரக்காரர் வாசிப்பை நிறுத்தியதால் அந்தச் சத்தம் நன்றாகவே கேட்டது. காது குத்திய குழந்தை மட்டும் சிரித்தது, அது கறி சாப்பிடவில்லை. கோகிலம் என்னைப் பார்த்தாள், நான் அவளைப் பார்த்தேன். இரண்டு பேர் செருப்பும் மிதந்தது.

போலீசில் புகார் கொடுக்க வேண்டுமென்று சிலர் குதித்தார்கள், என்னவென்று எழுதுவதென்று தெரியாமல் விட்டுவிட்டார்கள். இன்னொரு ஞாயிறு இப்படி ஆகிவிடக் கூடாதென்று ஊரே சம்மதித்ததில், திங்கட்கிழமை காலை பத்து மணிக்குப் பேக்டரி லைன் பத்து நிமிடம் நின்றது. மூன்று மணிக்கு இன்னொரு தடவை நின்றது. கக்கூஸ் இரண்டு பன்னிரண்டானது. சுவரிலிருந்த அறிவிப்பைக் குணாளனே கிழித்தான். கோழி கிலோவுக்கு எட்டு ரூபாய் ஏறியது.

ஈரமான வேட்டியை ஊர் ஒரு வாரத்தில் மறந்தது, எட்டு ரூபாயை மறக்கவில்லை. அநியாயம், பகல்கொள்ளை, அந்தப் பொம்பளைகளுக்குத் திமிர் என்று புலம்பி, சூப்பர் மார்க்கெட்காரனை நச்சரித்து, ஒரே மாதத்தில் அவனை வேறு எங்கிருந்தோ கறி இறக்க வைத்தார்கள். பழைய விலை. விடிவதற்கு முன்னால் வந்து நின்ற வரிசையில் கோகிலமும் இருந்தாள். போகாதே என்று நான் சொல்லவில்லை, சின்னப் பாக்கெட்டாக வாங்கு என்றேன்.

அந்த ஞாயிறு மூன்று மணிக்கு எங்களுக்கு ஒன்றும் முட்டவில்லை. பேக்டரிப் பெண்கள் அன்றைக்கு வேறு ஊர்க்காரர்களுக்காகக் கோழி அறுத்துக்கொண்டு, மூன்று மணிக்கு வரிசையாகப் போய்விட்டு வந்தார்கள். எங்களுக்குக் கை போனது. இரண்டாவது சோறு போட்டுக்கொள்ளும்போது வலதுகை விரல் ஐந்தும் விறைத்து, மடக்க முடியாமல், மணிக்கட்டிலிருந்து தோள்வரை குத்த ஆரம்பித்தது. பிசைந்த சோற்றை அள்ள முடியாமல் இலை முன்னால் உட்கார்ந்திருந்தோம். திங்கட்கிழமை காலை நான் கடை திறப்பதற்கு முன்பே வாசலில் நாற்பது பேர், விறைத்த கையை இடது கையால் தாங்கிக்கொண்டு. வாய்வு என்றார்கள். பிராய்லர் கறி வாய்வுதானே என்றார்கள்.

வேலைக்குப் போகிற வழியில் வசந்தாமணி அந்தக் கூட்டத்தைப் பார்த்துச் சைக்கிளை நிறுத்தினாள். கூடையில் தண்ணீர் பாட்டில் இருந்தது. முகம் தெளிந்திருந்தது, மாத்திரை வாங்க வந்து இரண்டு மாதம் ஆகிவிட்டது. என் கையைப் பார்த்தாள்.

“இது வாய்வில்லைங்கண்ணா. கத்தி புடிச்ச கை. எங்க லைன் நிமிசத்துக்கு முப்பதுன்னா இது அறுபதாச்சும் இருக்கோணும், இத்தன கெட்டியா வெறைச்சிருக்குதே. எந்த ஊருப் பொம்பளைங்களோ?”

“தெரியலையே அம்மிணி.”

“பாக்கெட்டுல போட்டிருக்குமுங்களே. பாத்தீங்களா?”

“பாக்கலை.”

அவள் பாட்டிலைத் திறந்து, அவசரமில்லாமல் அரை பாட்டில் குடித்து, மூடிக் கூடையில் வைத்துவிட்டுப் போனாள். நான் கடையை அப்படியே விட்டு வீட்டுக்குப் போய்க் குப்பைக் கூடையைக் கவிழ்த்தேன். விரல் மடங்காததால் கறி வந்த கவரை இரண்டு உள்ளங்கைக்கும் நடுவில் அழுத்திப் பிடித்துக்கொண்டு திரும்பி வந்தேன். மூலையில், எறும்பு சைஸ் எழுத்தில், ஊர்ப் பெயர் இருந்தது. நாங்கள் வாங்கிய முதல் பாக்கெட்டிலிருந்தே எல்லாவற்றிலும் ஏதோ ஒரு ஊர்ப் பெயர் இருந்திருக்கிறது. கூட்டத்துக்கு நடுவே நின்று, தொண்டை கிழிய அதைப் படித்தேன். இரண்டு தடவை படித்தேன். அங்கே சில பொம்பளைகளுக்குக் கை போய்க்கொண்டிருக்கிறது, வாங்க, போய்ப் பார்க்கலாம் என்றேன்.

எல்லோரும் பொறுமையாகக் கேட்டுக்கொண்டார்கள். நான் முடித்ததும் பின்வரிசையிலிருந்து ஒருவர் கேட்டார்.

“அதிருக்கட்டுங்க, கைக்குத் தடவறதுக்குக் களிம்பு இருக்குதா இல்லீங்களா?”

இல்லை என்றேன். அலமாரி நிறைய இருந்தது.